பாஞ்சாலங்குறிச்சியும் திருமயமும்: ஒரு மண்கோட்டை, ஒரு மலைக்கோட்டை

தமிழ்நாட்டில் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செஞ்சி, திண்டுக்கல், நாமக்கல், சங்ககிரி என்று மலை ஏறுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் அப்படி ஏறிப் பார்க்க ஒரு மலைக்கோட்டை கிடையாது. கடலோரத்தில் உப்பளமும் தேரியும் பனங்காடும்; பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். கழுகுமலை, குருமலை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குன்றுகள் உண்டு. அவற்றில் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன, கோட்டை இல்லை. ஆனால் 1801ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மூன்று மாதங்களுக்கு மேல் நிறுத்திவைத்த கோட்டை இந்தச் சமவெளியில்தான் நின்றது. அது பாஞ்சாலங்குறிச்சி. அதே போரின் நினைவைப் பெயரில் சுமந்து நிற்கும் மலைக்கோட்டை ஒன்று வடக்கே புதுக்கோட்டைச் சீமையில் இருக்கிறது. அது திருமயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாளையக்காரர் காலத்துக் கோட்டை என்றால் என்ன என்பது விளங்கும்.

பாளையமும் அதன் கோட்டையும்

மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில், தளவாய் அரியநாத முதலியாரின் முயற்சியால், நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார், காவல் பார்ப்பார். அரசர் அழைத்தால் படையோடு போவார். திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர் கையிலும், கிழக்கே கரிசல் பூமியில் இருந்த எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் போன்றவை தெலுங்கு பேசும் நாயக்கர் கையிலும் இருந்தன. ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கோட்டை உண்டு. அரண்மனை, குலதெய்வக் கோயில், படைக்கலக் கொட்டில், தானியக் களஞ்சியம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

நாயக்கர் ஆட்சி முடிந்தபின் ஆர்க்காட்டு நவாபு கப்பம் கேட்டார். நவாபு கடனில் மூழ்க, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1790இல், வீரபாண்டிய கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியின் பட்டத்துக்கு வந்திருந்தார்.

பாஞ்சாலங்குறிச்சிக்குத் தூத்துக்குடி எட்டிப் பிடிக்கும் தூரம். துறைமுகத்தில் 1658 முதல் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். முத்துக்குளிப்பும் சங்கு குளிப்பும் துணி வியாபாரமும் அவர்களை அங்கே நிறுத்திவைத்தன. உள்நாட்டில் அவர்களுக்குத் துணை தேவைப்பட்டது; பாளையக்காரருக்கோ நவாபையும் ஆங்கிலேயரையும் சமாளிக்க ஒரு கை வேண்டியிருந்தது. 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப்பிரதி கோட்டைக்குள் கிடைத்தது. அப்போது பட்டத்தில் இருந்தவர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தைய தலைமுறையினர். கரிசல் காட்டு மண்கோட்டைக்குக் கடலோடு இருந்த தொடர்புக்கு இந்த ஒரு காகிதமே போதிய சாட்சி.

மண்சுவரின் வலிமை

1801 முற்றுகையில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி தம் போர் நினைவுகளை 1830இல் புத்தகமாக வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் தந்தது. அவர் கணக்கில் கோட்டை ஒழுங்கற்ற நீள்சதுரம். இரண்டு பக்கங்கள் சுமார் 500 அடி, மற்ற இரண்டும் சுமார் 300 அடி. சுவரின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சிறு சிறு சதுரக் கொத்தளங்கள், அவற்றுக்கு நடுவே குட்டையான சுவர். கட்டுமானம் முழுக்கப் பிசுபிசுப்பான கெட்டி மண். சுற்றிலும் முள்வேலி.

அளவைக் கேட்டால் ஒரு பெரிய பண்ணைவீட்டு மதில் என்றுதான் தோன்றும். அதன் பலம் பொருளில் இருந்தது. கல்சுவரில் பீரங்கிக் குண்டு விழுந்தால் கல் தெறிக்கும், விரிசல் ஓடும், ஒரு கட்டத்தில் சுவர் சரியும். கெட்டித்த மண்சுவரில் விழும் குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும். பள்ளம் விழுந்த இடத்தை இரவில் நாலு பேர் மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம். ஐரோப்பாவிலும் பீரங்கி பெருகியபின் கோட்டைகளின் கல்மதிலுக்கு முன்னால் மண்மேடு எழுப்பியது இதே காரணத்தால்தான்.

கொத்தளங்களின் அமைப்பு இன்னும் சூழ்ச்சியானது. அவை உள்ளே கூடாக விடப்பட்டிருந்தன. தாக்க வருகிறவர்கள் சுவரின் உச்சிக்கு ஏறினால் நிற்பதற்கு இடம் இருக்காது. உள்ளே பள்ளத்தில் காத்து நிற்பவர்கள் நீண்ட ஈட்டிகளால் கீழிருந்து குத்துவார்கள். துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் அந்த நெருக்கத்தில் மருந்து கெட்டித்து மறுபடி சுட வழி இல்லை. ஆள் உயரத்துக்கு இருமடங்கே உள்ள சுவர் பயிற்சி பெற்ற படையைத் திருப்பி அனுப்பிய மர்மம் இதுதான்.

1799

கப்ப பாக்கியில் தொடங்கிய பிணக்கு 1798 செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் முற்றியது. கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இராமலிங்க விலாசம் அரண்மனையில் பேட்டி கொடுத்தார். பேச்சு கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னை அரசு விசாரித்து ஜாக்சனை நீக்கியது, தானாபதியையும் விடுவித்தது. ஆனால் அடுத்து வந்த கலெக்டர் லூஷிங்டனோடும் சமரசம் ஏற்படவில்லை.

மேஜர் பானர்மேன் தலைமையில் வந்த படை 1799 செப்டம்பர் 5 அன்று கோட்டையைத் தாக்கியது. கனரகப் பீரங்கி இல்லாமலே வாசலை உடைத்துவிடலாம் என்ற கணக்கு தவறிப்போய், அதிகாரிகள் சிலரை இழந்து படை பின்வாங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிகள் வரவழைக்கப்பட்டதும், மண்சுவரானாலும் இனித் தாக்குப்பிடிக்காது என்று உணர்ந்து உள்ளிருந்தவர்கள் இரவில் வெளியேறினார்கள். தானாபதி பிள்ளை மீண்டும் பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் வடக்கே புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டுக்குப் போனார். கம்பெனியின் நட்பரசரான புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண் முன்னால் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். கோட்டை இடிக்கப்பட்டது.

1801

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2 மாலை, மேஜர் மெக்காலே வீட்டில் ஆங்கில அதிகாரிகள் விருந்தில் இருந்த நேரத்தில், காவலை உடைத்து அவர்கள் தப்பினார்கள். இரவோடிரவாகப் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். செய்தி பரவ ஆள் திரண்டது. ஒரு வாரத்துக்குள் கம்பெனிப் படை அங்கே வந்தபோது, தரைமட்டமாக்கிவிட்டுப் போன இடத்தில் கோட்டைச் சுவர் மறுபடி எழுந்து நின்றதைக் கண்டது. கல்கோட்டை என்றால் இது நடந்திருக்காது. மண் காலடியில் கிடந்தது, கை நிறைய ஆள் இருந்தார்கள்.

கலகம் கடற்கரைக்கும் பரவியது. அப்போது ஆங்கிலேயர் வசமிருந்த தூத்துக்குடியும் சிறிது காலம் ஊமைத்துரையின் ஆட்களிடம் வீழ்ந்தது. அங்கே சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் தீங்கின்றி விடுவிக்கப்பட்டார்கள்.

மார்ச் 31 அன்று மெக்காலே நடத்திய பெருந்தாக்குதல் சுவரடியிலேயே நொறுங்கியது. ஏறியவர்கள் ஈட்டிக்கு இரையானார்கள். படை அருகிலேயே முகாமிட்டு, கூடுதல் படையும் பீரங்கிகளும் வர ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தது. கர்னல் அக்னியூ தலைமையேற்று, தொடர்ந்து பீரங்கியால் அடித்துச் சுவரில் பெரிய உடைப்பை ஏற்படுத்தி, மே 24 அன்று உள்ளே நுழைந்தார். உயிரோடிருந்தவர்கள் ஒரே கூட்டமாகத் திரண்டு எதிர்ப்பக்கம் வெளியேறினார்கள். காயம்பட்டு விழுந்த ஊமைத்துரையை, தன் மகனைத் தேடிக் களத்துக்கு வந்த ஒரு தாய் கண்டெடுத்து ஊருக்குத் தூக்கிப்போனதாகவும், தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் பெரியம்மை கண்டு செத்த உடம்பு என்று சொல்லி ஒப்பாரி வைத்துக் காப்பாற்றியதாகவும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். வாய் பேச இயலாத அந்த மனிதரைப் பற்றி எதிரிப்படை அதிகாரியான வெல்ஷ் எழுதும் பக்கங்களில் மரியாதைதான் மேலோங்கி நிற்கிறது.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபரில் காளையார்கோவில் வீழ்ந்தது. மருதிருவரும் அந்த மாதம் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். வத்தலக்குண்டுப் பக்கம் பிடிபட்ட ஊமைத்துரையைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து நவம்பர் 16 அன்று தூக்கிலிட்டார்கள். இந்த முறை கோட்டையை இடித்ததோடு விடவில்லை. நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அரசுக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். பாளையத்து ஊர்களை எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை முதலிய பாளையங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

இன்று பாஞ்சாலங்குறிச்சியில்

தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஓட்டப்பிடாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஊர் இருக்கிறது. சாலையில் போகும்போதே தெரியும் கோட்டை பழையது அன்று. 1974இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை. உள்ளே கட்டபொம்மன் சிலையும், வரி கேட்ட படலம் முதல் தூக்குமேடை வரை வரிசையாகத் தீட்டிய சுவரோவியங்களும் உண்டு. ஒட்டியே வீரசக்கதேவி கோயில். கட்டபொம்மன் மரபினரின் குலதெய்வமான இந்த ஜக்கம்மாளுக்கு மே மாதம் திருவிழா நடக்கும். அப்போது சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் தொடர் ஓட்டமாகச் சோதி எடுத்து வருவார்கள்.

பெரும்பாலோர் நினைவுக்கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். பழைய கோட்டையின் எச்சம் அதற்குப் பின்புறம் இருக்கிறது. 1960களின் இறுதியில் நடந்த தொல்லியல் அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனைக் கட்டடங்களின் அடித்தளங்கள் முழங்கால் உயரத்துக்கும் குறைவாகத் தரையில் கோடு போட்டது போலத் தெரியும். உழுது ஆமணக்கு விதைத்த நிலம் இதுதான். அருகிலேயே 1799லும் 1801லும் செத்த ஆங்கிலப் படையினரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கோட்டையின் சுவர் ஒன்றுகூட மிஞ்சாத ஊரில், அந்தச் சுவரடியில் விழுந்தவர்களின் கல்லறைகள் மிஞ்சியிருக்கின்றன. சுவரின் வலிமைக்கு அங்கே காணக்கிடைக்கும் சான்று அவையே.

வழியில் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1872இல் இங்கே பிறந்து, 1906இல் தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயரைத்தான் இன்றைய துறைமுகம் தாங்கியிருக்கிறது.

கயத்தாறு

மதுரை – திருநெல்வேலி நெடுஞ்சாலையில், கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் சிலை நிற்கிறது. 1959இல் வெளியான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் நடித்த சிவாஜி கணேசன் அந்த இடத்தை வாங்கிச் சிலை வைத்தார். அதற்கு முன்பு அங்கே இருந்தது கற்குவியல். போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்த பெருங்குவியலைத் தாம் பார்த்ததாகக் கால்டுவெல் 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் குறித்திருக்கிறார். அரசுக் கணக்கில் பெயரை அடித்த பிறகும் மக்கள் கணக்கில் அது நின்றுகொண்டிருந்தது.

திருமயம்: பாறை மேல் ஏறும் கோட்டை

தூத்துக்குடியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே, புதுக்கோட்டை – காரைக்குடிச் சாலையில், புதுக்கோட்டைக்கு 20 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது திருமயம். முத்துக்குளிப்பு வருமானத்தில் பங்கு பெற்ற சேதுபதிகளின் நாடு ஒரு காலத்தில் இதுவரை நீண்டிருந்தது. கிழவன் சேதுபதி 1687இல் இக்கோட்டையைக் கட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொண்டைமான் கைக்கு மாறியது. 1733இல் தஞ்சாவூர்ப் படை சீமையைச் சூறையாடியபோது தொண்டைமானுக்குப் புகலிடமாக நின்றது இதுதான்.

ஊரார் இதை ஊமையன் கோட்டை என்கிறார்கள். ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்றும், சிறை வைக்கப்பட்டார் என்றும் செவிவழிக் கதைகள் உண்டு. அண்ணனைப் பிடித்துக் கொடுத்த அரசின் கோட்டைக்குத் தம்பியின் பெயரை மக்கள் சூட்டியிருக்கிறார்கள்.

ஏழு சுற்று மதில்கள் இருந்ததில் இன்று நான்கு மிஞ்சியிருக்கின்றன. வெளிமதிலின் துண்டுகள் ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே நிற்கும். சாலையோரம் வடக்கு மதிலை ஒட்டிக் கோட்டைப் பைரவர் சன்னிதி. வண்டியோட்டிகள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் இடம். முதன்மை வாசல் தெற்கே.

உள்ளே நுழைந்தால் மலை என்பது ஒரே பெரும்பாறை. ஏற்றம் நீண்டதன்று; சாதாரண நடை உள்ளவர் அரைமணிக்குள் உச்சியை எட்டலாம். தொடக்கத்தில் படிகள்; பிறகு பாறையையே கொத்திய மிதிபடிகள். கீழ்மதில் கருங்கல், மேலே செங்கல் கைப்பிடிச்சுவர். அந்தக் கைப்பிடிச்சுவரை நின்று கவனிக்க வேண்டும். நெருக்கமாக விட்ட துளைகள் சில நேராக வெளியை நோக்கும், சில சரிவாகக் கீழே இறங்கும். தூரத்தில் வருபவனைச் சுட ஒன்று, மதிலடிக்கே வந்துவிட்டவனைச் சுட இன்னொன்று. துளைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் மதிலடியின் எந்தத் துண்டு நிலத்துக்கு எந்தத் துப்பாக்கி பொறுப்பு என்பது தெரியும். பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டி செய்த வேலைக்கு இங்கே கட்டடமே வழிசெய்திருக்கிறது.

பாதி உயரத்தில், மேற்குச் சரிவில், பாறையைக் குடைந்த சிறு சிவன் சன்னிதி உண்டு; இரும்பு ஏணியில் ஏற வேண்டும். வழியில் வெடிமருந்து வைத்திருந்த அறையும், பாறைப்பள்ளத்தில் தேங்கும் சுனையும் தென்படும். மலைக்கோட்டைக்கு உயிர்நாடி இந்தச் சுனைதான். சுவர் எத்தனை வலுவாக இருந்தாலும் தண்ணீர் வற்றினால் கோட்டை திறந்துவிடும். உச்சியில் வட்டமான கொத்தளமும் அதன்மேல் ஒரு பீரங்கியும். சுற்றிலும் கண்மாய்களும் வயல்களும், எந்தத் திசையிலிருந்து படை வந்தாலும் முன்கூட்டியே தெரியக்கூடிய வெட்டவெளியும்.

கீழே, மலையின் தென்சரிவில், கோட்டைக்குப் பல நூற்றாண்டு முந்திய இரண்டு குடைவரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று சத்தியகிரீசுவரர் கோயில். மற்றது 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் தமிழ்நாட்டின் மிகப்பெரிய குடைவரைத் திருமேனிகளில் சேரும். இரு கோயிலாருக்கும் வருமானப் பங்கில் எழுந்த வழக்கை 1245இல் போசளத் தளபதி அப்பண்ணர் முன்னிலையில் தீர்த்துவைத்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இந்தத் திருமயத்தில்தான்.

இரண்டு கோட்டைகளையும் பார்த்தவருக்கு ஒன்று புலப்படும். முழுமூச்சாகக் கம்பெனியை எதிர்த்த கோட்டையில் ஒரு சுவரும் இல்லை. கம்பெனியின் நண்பர் கையில் இருந்த கோட்டை பீரங்கியோடு அப்படியே இருக்கிறது. கல் மண்ணைவிட நீண்டநாள் நிற்கும் என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. யாரோடு யார் நின்றார்கள் என்பது பெரிய காரணம்.

செல்வோர் கவனத்துக்கு

பாஞ்சாலங்குறிச்சிக்குத் தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது எளிது. காலையில் கோட்டை, கல்லறைத் தோட்டம், ஓட்டப்பிடாரம் என்று முடித்துக்கொண்டால் பிற்பகல் கயத்தாறு போய்வரலாம். கோவில்பட்டி வழியாகத் திரும்புகிறவர்கள் கடலைமிட்டாய் வாங்காமல் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். பழைய அடித்தளங்களுக்கு நடுவே நடக்க அது ஏற்ற காலமன்று. தை முதல் மாசி வரை நல்ல பருவம்.

திருமயத்துக்குப் புதுக்கோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் அடிக்கடி பேருந்து உண்டு. திருச்சி – காரைக்குடி இரயில் பாதையில் நிலையமும் இருக்கிறது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். பாறை பதினொரு மணிக்கு மேல் கொதிக்கத் தொடங்கும். உச்சியில் நிழல் கிடையாது. விடிந்ததும் ஏறுவது அல்லது நாலு மணிக்குப் பிறகு ஏறுவது நல்லது. ஈரப்பாறை வழுக்கும் என்பதால் மழை பெய்த அன்று ஏற வேண்டாம். குடிதண்ணீரைக் கையில் கொண்டுபோக வேண்டும். கீழுள்ள குடைவரைக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும். காலையில் மலையிலிருந்து இறங்கிய கையோடு அவற்றைப் பார்த்துவிடுவது வசதி.